கேள்வி பதில்: ஜெஃபர்சன் காப்பி அடிச்சாரா?

கேள்வி: அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை ஜெஃபர்சன் சொந்தமா யோசிச்சு எழுதலை, இங்கிலாந்து தத்துவவாதி ஜான் லாக் எழுதினதைத்தான் எடுத்துப் போட்டுட்டார்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: எடுத்தது நிஜம். ஆனா லாக் ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் இல்ல. உயிர், சுதந்திரம், சொத்து இதெல்லாம் மனுஷனுக்கு இயற்கையாவே உள்ள உரிமை, அதைக் காப்பாத்தத்தான் அரசாங்கமே, காப்பாத்தலைன்னா மக்கள் அதைத் தூக்கிப் போடலாம்னு லாக் 1689-லயே எழுதிட்டார், பிரகடனத்துல வர்ற "நீண்ட தொடரான அத்துமீறல்கள்"ங்கற வார்த்தை கூட அவரோடதுதான். இதை விட நெருக்கமான மூலம் ஒண்ணு இருக்கு. ஜெஃபர்சனோட சொந்த வர்ஜீனியாவுல ஜார்ஜ் மேசன்னு ஒருத்தர் உரிமைகள் பிரகடனம்னு ஒண்ணு எழுதினார், அது 1776 ஜூன் மாசம் நிறைவேறுச்சு. மனுஷங்க எல்லாரும் இயற்கையா சமமா சுதந்திரமானவங்க, உயிரோட இருக்கவும், சொத்து சேர்க்கவும், சந்தோஷத்தைத் தேடிப் போகவும் அவங்களுக்கு உரிமை இருக்குனு அதுல வருது. அதே மாசம் பிலடெல்பியாவுல வாடகை ரூம்ல உக்காந்து எழுதின 33 வயசு ஜெஃபர்சன் அந்த நீளமான வாக்கியத்தை உயிர், சுதந்திரம், சந்தோஷத்தைத் தேடுறதுனு மூணா சுருக்கிட்டார், அந்த மூணுல சொத்துங்கற வார்த்தை இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், சொத்து இல்லாதவன் கூட தன்னோடதுனு சொல்லிக்கற மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் பிரகடனத்துல இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜ் மேல 27 குற்றச்சாட்டு இருக்கே, ராஜா அதைச் செஞ்சார் இதைச் செஞ்சார்னு, அந்த அமைப்பு இங்கிலாந்தோடதேதான். 1689-ல இரண்டாம் ஜேம்ஸ் ராஜாவுக்கு எதிரா அங்க பார்லிமென்ட் உரிமை மசோதா போட்டப்போ இதே மாதிரிதான் அவர் செஞ்ச தப்பையெல்லாம் வரிசையா அடுக்கினாங்க. அதாவது இங்கிலீஷ்காரங்க தங்களோட ராஜாவை எப்படி நீக்கினாங்களோ அதே முறையில அமெரிக்கக்காரங்க அவங்ககிட்ட இருந்தே பிரிஞ்சு போறாங்க, கோர்ட்டுல போடற மனு மாதிரி.

ஜெஃபர்சனும் இதை மறைக்கவே இல்ல. 1825-ல ஒரு லெட்டர்ல, யாரும் யோசிக்காத புதுக் கொள்கையைக் கண்டுபிடிக்கறது என் நோக்கம் இல்ல, அமெரிக்க மனசுல இருந்ததை வெளிப்படுத்தறதுதான் நோக்கம்னு எழுதினார். பிரகடனம் எழுதற குழுவுல கூட இருந்த ஜான் ஆடம்ஸ், அதுல உள்ள எல்லாமே காங்கிரஸ்ல (அமெரிக்கக் காலனிகளோட பிரதிநிதிகள் கூடின சபை) ரெண்டு வருஷமா பேசிப் பேசிப் பழகின விஷயம்தான்னு கொஞ்சம் கடுப்பாவே சொன்னார். ஆடம்ஸ் குறையா சொன்னதை நான் பெருமையா எடுத்துக்கறேன், புத்தம் புது ஐடியாவுக்காக எந்த விவசாயியும் துப்பாக்கியைத் தூக்கிட்டு வரமாட்டான், ஊர் முழுக்க ஏற்கனவே நம்பற விஷயத்தை ஒருத்தர் சரியான வார்த்தையில சொல்லும்போதுதான் வருவான்.

கேள்வி: வரி போட்டது பார்லிமென்ட், திட்டு வாங்கறது ராஜாவா? ஏன்?

பதில்: நல்ல கேள்வி. பிரகடனம் முழுக்கப் படிச்சாலும் பிரிட்டிஷ் பார்லிமென்ட்ங்கற பேரு எங்கயும் வராது, "மத்தவங்களோட சேர்ந்து", "அவங்களோட சட்டசபை"னு ஜாடையா வரும், அவ்வளவுதான். 1765-ல அமெரிக்கக் காலனிகள் மேல ஸ்டாம்ப் வரி (பத்திரம், செய்தித்தாள் மாதிரி காகிதங்களுக்கான வரி) வந்தப்போ எங்க பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு வரி போட முடியாதுனு ஆரம்பிச்சவங்க, 1774 வாக்குல அந்தச் சபைக்கு எங்க மேல எந்த அதிகாரமுமே இல்ல, எங்களுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவுல இருக்கற ஒரே கயிறு ராஜாதான்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. அப்போ பார்லிமென்ட்கிட்ட இருந்து விடுதலைனு எழுதினா அதுக்கு அதிகாரம் இருந்துச்சுனு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல? அறுக்க வேண்டியது ராஜாங்கற கயிறு மட்டும்தான்.

அதையும் லேசுல அறுக்கலை. 1775 ஏப்ரல்லயே சண்டை ஆரம்பிச்சாச்சு, ஆனா ஜூலையில கூட ராஜாவுக்கு சமாதான மனு அனுப்பறாங்க, அவர் அதை வாங்கவே மறுத்துட்டு ஆகஸ்ட்ல இவங்களைக் கலகக்காரங்கனு அறிவிச்சுட்டார். அந்த நேரத்துல, 1776 ஜனவரியில, இங்கிலாந்துல இருந்து வந்து ரெண்டு வருஷம் கூட ஆகாத தாமஸ் பெய்ன் ஒரு சின்னப் புத்தகம் போட்டார், இந்த ராஜா கெட்டவர்னு இல்லாம ராஜாங்கற ஏற்பாடே தப்புனு சாதாரண ஜனங்களுக்குப் புரியற பாஷையில எழுதினார். பயம் விட்டுப் போனது அங்கதான்னு நினைக்கறேன்.

கேள்வி: ஜூலை 4 தானே சுதந்திரம் அறிவிச்ச நாள்?

பதில்: விடுதலைக்கு ஓட்டுப் போட்டது ஜூலை 2, அந்த நாளைத்தான் வருஷா வருஷம் கொண்டாடுவாங்கன்னு ஆடம்ஸ் மனைவிக்கு எழுதினார். 4-ம் தேதி நிறைவேறுனது பிரகடனத்தோட வாசகம். பெரும்பாலானவங்க கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2.

கேள்வி: அடிமைகளை வெச்சிருந்தவர் "எல்லாரும் சமம்"னு எழுதினது மோசடி இல்லையா?

பதில்: இதுக்கு மழுப்பாம பதில் சொல்லணும். ஜெஃபர்சன் வாழ்நாள்ல 600-க்கும் மேல மனுஷங்களை அடிமையா வெச்சிருந்தார். அவரோட முதல் டிராஃப்ட்ல அடிமை வியாபாரத்தைக் கண்டிச்சு ஒரு பெரிய பாரா இருந்துச்சு, ஆனா பழி முழுக்க ராஜா மேல, அதுவும் காங்கிரஸ்ல வெட்டிட்டாங்க, தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒத்துக்கலைன்னு அவரே குறிச்சு வெச்சிருக்கார். பூர்வகுடி மக்களை இரக்கமில்லாத காட்டுமிராண்டிகள்னு சொன்ன வரியை மட்டும் யாரும் வெட்டலை. இது எனக்கு ஆறாத விஷயம்.

ஆனா ஒதுக்கப்பட்டவங்க அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடலை. 1848-ல நியூயார்க் மாநிலத்துல செனகா ஃபால்ஸ்ங்கற ஊர்ல பெண்கள் கூடி "ஆண்களும் பெண்களும் சமமா படைக்கப்பட்டவங்க"னு அதே வாக்கியத்தைத் திருத்தி எழுதினாங்க. அடிமையா இருந்து தப்பிச்சு வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1852-ல ஒரு அடிமைக்கு உங்க ஜூலை 4 என்னனு கேட்டார், அதே பேச்சுல அந்தக் கொள்கைகளை விட்டுடாதீங்கன்னும் சொன்னார். 1945-ல ஹோ சி மின் வியட்நாம் விடுதலையை அறிவிக்கும்போது முதல்ல படிச்சதே இந்த வரிதான். எழுதினவங்க நினைச்சதை விட ரொம்பத் தூரம் போயிடுச்சு.

கேள்வி: நம்ம பூரண சுயராஜ்ய உறுதிமொழியிலயும் இதோட சாயல் இருக்கா?

பதில்: நல்லாவே இருக்கு. 1929 டிசம்பர் லாகூர் காங்கிரசுக்கு அப்புறம் 1930 ஜனவரி 26 அன்னிக்கு நாடு முழுக்க வாசிச்சாங்க, அந்த நாளுக்காகத்தான் குடியரசு தினமே ஜனவரி 26. சுதந்திரம் பறிக்க முடியாத உரிமை, அதைப் பறிக்கற அரசாங்கத்தை மாத்தவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை இருக்குனு ஆரம்பம் அப்படியே பிலடெல்பியா வாடைதான். ஆனா குறைகளைச் சொல்ற இடம் முழுக்க நம்மோடது. ஒரு இந்தியனோட சராசரி வருமானம் நாளைக்கு ஏழு பைசா, கைநூற்பு மாதிரி கிராமத் தொழில் அழிஞ்சு விவசாயி வருஷத்துல நாலு மாசமாவது சும்மா உக்காந்திருக்கான், கட்டற வரியில 3 சதவீதம் உப்பு வரி, அது ஏழையைத்தான் அதிகமா நசுக்குதுனு கணக்கோட எழுதியிருக்காங்க. வன்முறையால நாம சுதந்திரம் வாங்கப் போறதில்லனும் அதுலயே சொல்லிட்டாங்க, அமெரிக்கக் காகிதத்துல அந்த வரி கிடையாது. அதே வருஷம் மார்ச் 12 அன்னிக்கு காந்தி தண்டிக்கு நடக்க ஆரம்பிச்சது அந்த 3 சதவீதத்துக்காகத்தான்.