வாசகர் கேள்வி: கல்லூரியின் நாளையை யார் எழுதுவது?

கேள்வி: எங்கள் கல்லூரிக்கு நீண்டகாலத் திட்டம் எழுதப் போகிறார்களாம். ஊர்ச்சனத்திடம் கருத்துக் கேட்பதால் பயன் உண்டா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: உண்டு, எழுதும் முன்பே கேட்டால். வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரி என்ற மிஷன் உயர்கல்விக்கூடம் 1855இல் மூடப்பட்ட பிறகு, உயர்கல்வி வேண்டுமென்று ஊரவர்கள் முன்நின்று கேட்டுத்தான் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. இப்போது கூட்டம் வைத்தால் வெளிநாட்டுப் பழைய மாணவர்களின் குரல்தான் பெரிதாகக் கேட்கிறது, அவர்களின் அக்கறை உண்மையானதுதான், ஆனால் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளையையும், தோட்ட வேலை முடித்துப் பின்னேரம்தான் வரக்கூடிய தாய் தகப்பனையும் யார் கேட்பது? அவர்களுக்குத் தோதான நேரத்தில் சின்னச் சின்னக் குழுவாக இருந்து பேசுங்கள். அப்புறம், எந்த யோசனையை எடுத்தார்கள், எதை ஏன் விட்டார்கள் என்று அதிபர் எழுதி அறிவித்தல் பலகையில் போடவேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.