‘குணாதிசயம்’ எங்கே இடிக்கிறது?

கேள்வி: ஒரு வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி வருகிறேன். ‘இடியோசிங்க்ரசி’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. எல்லா இடத்திலும் ‘குணாதிசயம்’ என்று போட்டேன். படித்துப் பார்த்த நண்பர், ஏதோ இடிக்கிறது என்கிறார். வேறு சொல் உண்டா?

பதில்: நண்பர் சொல்வது சரிதான். நேர்மை, முன்கோபம், தாராளம் எல்லாம் குணாதிசயங்கள். ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும். இடியோசிங்க்ரசி அந்த ஒரு ஆளோடு ஒட்டிக்கொண்டது. வீட்டைப் பூட்டி நாலு படி இறங்கியபின், மறுபடி ஏறி வந்து பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கிரதை அவருடைய குணம். அந்த நாலு படியும் இரண்டு இழுப்பும்தான் இடியோசிங்க்ரசி.

சொல்லின் பிறப்பிலேயே இது இருக்கிறது. கிரேக்கத்தில் ‘இடியோஸ்’ என்றால் தனக்கே உரியது, ‘சின்’ என்றால் சேர்ந்து, ‘க்ராசிஸ்’ என்றால் கலவை. ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கும் ஆளுக்கு ஆள் வேறு விகிதத்தில் உடலில் கலந்திருக்கின்றன என்பது பழைய கிரேக்க மருத்துவத்தின் நம்பிக்கை. வாத பித்த கபக் கணக்கு தெரிந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். மருத்துவத்தில் இந்தச் சொல் இன்றும் புழங்குகிறது. பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிற மருந்து, சரியான அளவில் கொடுத்தும், யாரோ ஒருவருக்கு மட்டும் எதிர்பாராத விளைவைத் தருவதை அப்படிச் சொல்வார்கள். உங்கள் நூலில் நோய், மருந்து பற்றிய பக்கம் வந்தால் கவனம். அங்கே இது பழக்கத்தைக் குறிக்காது.

மற்ற இடங்களில், செய்கை என்றால் ‘தனிப்பழக்கம்’, எண்ணமோ எழுத்துநடையோ என்றால் ‘தனிப்போக்கு’ என்று போடலாம். ‘மேனரிசம்’ கை, கண், தலை அசைவோடு நின்றுவிடும். ‘கிறுக்குத்தனம்’ மட்டும் வேண்டவே வேண்டாம். மூலச்சொல் ஆளைச் சற்று வேடிக்கையாகப் பார்க்கலாம், ஆனால் மட்டம் தட்டுவதில்லை.

நான் அதிகம் நம்புவது ஒரு சொல்லை அல்ல, ‘என்று’ சேர்ந்த நான்காம் வேற்றுமையை. ‘அவருக்கென்று சில பழக்கங்கள் இருந்தன’ என்று எழுதிப் பாருங்கள். ‘இடியோஸ்’ செய்கிற வேலையை அந்த ‘அவருக்கென்று’ செய்துவிடுகிறது. ஆள்தான் வேண்டும் என்பதில்லை, பழைய வண்டிக்கும் இது பொருந்தும்: ‘அந்த வண்டிக்கென்று ஒரு போக்கு உண்டு; காலையில் மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பும்.’