பழைய வெளிநாட்டு நாணயங்கள் உண்மையானவைதானா என்பதை ஒரு சாதாரணச் சேகரிப்பாளர் எப்படி அறிந்துகொள்வது?

காந்தத்தில் ஒட்டாவிட்டால் நாணயம் உண்மையானது என்று யாரோ சொன்னதாகவும், அந்தச் சோதனை போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமான பதிலை எழுத உட்கார்ந்தேன். குடும்பப் பெரியவர் ஒருவர் விட்டுச்சென்ற நாணயப் பெட்டி உங்கள் கைக்கு வந்திருக்கிறது, அதில் பாதிக் காசுகளின் எழுத்தையே உங்களால் படிக்க முடியவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் நிலையும் அப்படித்தான் இருந்தது. நான் நாணய வணிகன் அல்லன், நாணயவியலில் பட்டம் பெற்றவனும் அல்லன். ஆகவே கீழே வருவதை ஒரு பொழுதுபோக்குச் சேகரிப்பாளனின் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காந்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வெள்ளி, தங்கம், செம்பு, பித்தளை, ஈயம் ஆகிய எவையும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. அதனால் பித்தளையில் செய்து வெள்ளி முலாம் பூசிய போலி இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். மறுபுறம், 1955 முதல் 1981 வரை கனடா வெளியிட்ட ஐந்து சென்ட் நாணயங்கள் தூய நிக்கலால் ஆனவை. அவை காந்தத்தில் நன்றாக ஒட்டும், ஆனாலும் உண்மையானவை. 1943-இல் அமெரிக்கா துத்தநாகம் பூசிய எஃகில் ஒரு சென்ட் நாணயங்களை அச்சடித்தது. அந்த ஆண்டின் மிக அரிதான செம்புச் சென்ட் என்று விற்கப்படுபவற்றில் பல, அதே எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசியவை. அங்கே மட்டும் காந்தம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆக, உங்கள் கையில் இருப்பது எந்த நாட்டின், எந்த ஆண்டின், எந்த மதிப்புடைய நாணயம் என்பது தெரியாதவரை காந்தம் சொல்லும் பதிலுக்குப் பொருளே இல்லை. எடைக்கும் நிறத்திற்கும் இதுவே பொருந்தும். உண்மையா போலியா என்ற கேள்விக்கு முன்னால், இது தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறது என்ற கேள்வி இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

என் பெரியப்பா சரக்குக் கப்பலில் பணியாற்றியவர். செங்கடல் துறைமுகங்களிலும் கீழைத் துறைமுகங்களிலும் கைக்கு வந்த காசுகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அது என்னிடம் வந்தபோது, உள்ளே இருந்தவற்றில் இரண்டு பெரிய வெள்ளி நிறக் காசுகள் தனித்துத் தெரிந்தன. ஒன்றில் முக்காடிட்ட, பருத்த உடலுடைய முதிய அரசி ஒருத்தியின் உருவமும் 1780 என்ற ஆண்டும் இருந்தன; அது பளபளவென்று புதிதாக இருந்தது. மற்றொன்றில் கடலைப் பார்த்து அமர்ந்த பெண்ணுருவமும் பின்புறம் கழுகும் இருந்தன. அது கருத்து, தேய்ந்து, பார்த்தாலே பழமை தெரியும்படி இருந்தது. இரண்டையும் சேகரிப்பாளர் கூட்டம் ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். அங்கே எல்லோரும் மதிக்கும் மூத்த சேகரிப்பாளர் ஒருவர், அரசியின் காசை விரல்களுக்கிடையே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, 1780-ஆம் ஆண்டுக் காசு இவ்வளவு புதிதாக இருக்க வழியே இல்லை, இது போலி என்றார். கருத்த காசைப் பார்த்து, இதுதான் நல்ல காசு, பத்திரமாக வைத்துக்கொள் தம்பி என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் ஐயா என்று பணிவாகவே கேட்டேன். அனுபவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்தவரின் காசை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. வீட்டுக்கு வந்து, 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசு ஒன்றையும், அகலத்தையும் பருமனையும் நுட்பமாக அளக்கும் ஒரு காலிப்பரையும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தப் பொழுதுபோக்கில் முதலில் செலவழிக்க வேண்டியது இந்த மூன்றுக்கும்தான், காசுகளுக்கு அல்ல என்பது என் எண்ணம்.

அரசியின் காசில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஐரோப்பிய நாணயங்களின் வட்ட எழுத்துகள் பெரும்பாலும் இலத்தீன் மொழிச் சுருக்கங்கள். அரசரின் பெயர், இறையருளால் என்பதைக் குறிக்கும் இரண்டெழுத்து, பிறகு அவர் ஆளும் நாடுகளின் பட்டியல் என்று ஓர் ஒழுங்கில் வரும். இதில் மரியா தெரேசா என்ற பெயரும், ஹங்கேரி, போஹேமியா ஆகியவற்றின் அரசி என்பதும் தெளிவாக இருந்தன. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1780 நவம்பர் 29 அன்று இறந்தார். ஆனால் அவருடைய வெள்ளித் தாலர் நாணயத்தைச் செங்கடற்கரையிலும் எத்தியோப்பியாவிலும் அரபு நாடுகளிலும் வணிகர்கள் அவ்வளவு நம்பினார்கள். வேறு உருவமோ வேறு ஆண்டோ பொறித்த காசை வாங்கவே தயங்கினார்கள். எனவே அவர் இறந்த பிறகும் அதே உருவத்தோடும் அதே 1780 என்ற ஆண்டோடும் அந்த நாணயம் தொடர்ந்து அச்சடிக்கப்பட்டது. 1935-இல் இத்தாலி அச்சுகளை வியன்னாவிலிருந்து பெற்று ரோமில் அடித்தது; தொடர்ந்து லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் அக்கசாலைகளும் (நாணயம் அடிக்கும் ஆலைகள்), 1940-ஐ ஒட்டிப் பம்பாய் அக்கசாலையும் அடித்தன. வியன்னாவில் இன்றும் அடிக்கிறார்கள். இதை அறிந்த பிறகு, 1780 என்று பொறித்த காசு புதிதாக இருப்பதில் வியப்பு எதுவும் இல்லை.

அடுத்து அளவுகள். இந்தத் தாலரின் எடை 28.07 கிராம், வெள்ளி ஆயிரத்தில் 833 பங்கு, குறுக்களவு சுமார் 40 மில்லிமீட்டர். என் காசு இவற்றோடு பொருந்தியது. ஆயினும் எடையையும் அகலத்தையும் ஒருவன் போலி செய்துவிடலாம். இரண்டோடு அடர்த்தியையும் சேர்த்துப் பொருத்துவது அவனுக்குக் கடினம். அதற்குரிய சோதனை எளிது. காசை முதலில் அப்படியே நிறுக்க வேண்டும். பிறகு தராசின் மேல் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரை வைத்து, தராசைச் சுழியாக்கி, மெல்லிய நூலில் கட்டிய காசை அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் நீரில் மூழ்கும்படி பிடிக்க வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தூய வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96, ஈயத்துக்கு 11.34. தாலரின் கலவைக்குக் கணக்கிட்டால் 10.2 வர வேண்டும், அதாவது தராசு ஏறக்குறைய 2.75 கிராம் காட்ட வேண்டும். காட்டியது. காசில் நீர்க்குமிழி ஒட்டிக்கொண்டிருந்தால் கணக்கு தவறும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக விளிம்பு. காசைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு பக்கங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது பக்கமான விளிம்பில்தான் போலி செய்பவன் பெரும்பாலும் சறுக்குகிறான். இந்தத் தாலரின் விளிம்பில் நீதியும் கருணையும் என்னும் பொருளுடைய இலத்தீன் தொடர் புடைப்பெழுத்தில், இடையிடையே அலங்காரங்களோடு ஓடும். என் காசில் அது கூர்மையாகவும், எங்கும் இணைப்புக் கோடு இல்லாமலும் இருந்தது. அரசியின் தோளில் உள்ள அணியின் முத்துகள், பின்புறம் உள்ள கழுகின் வால் இறகுகள், விளிம்பு அலங்காரம் ஆகியவற்றில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டுதான் எந்த அச்சடிப்பு என்று பிரிக்கிறார்கள். படங்களோடு ஒப்பிட்டதில் என்னுடையது இருபதாம் நூற்றாண்டு மறு அச்சுகளோடு பொருந்தியது. அதாவது அது 1780-ஐச் சேர்ந்ததும் இல்லை, போலியும் இல்லை.

கருத்த காசுக்கு வருகிறேன். அது 1873 முதல் கீழை வணிகத்திற்கென்று அமெரிக்கா அச்சடித்த வணிக டாலர் வகை. அதன் சிறப்பு, தன் எடையையும் தரத்தையும் தன் மேலேயே எழுதி வைத்திருப்பது: கழுகின் கீழே 420 கிரெயின், ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி என்று பொறித்திருக்கும். 420 கிரெயின் என்றால் 27.22 கிராம். என் தராசு 23 கிராமை ஒட்டிக் காட்டியது. பழைய காசு தேய்ந்து எடை குறைவது இயல்புதான், ஆனால் எழுத்துகள் எல்லாம் படிக்கும்படி இருக்கும்போது நான்கு கிராம் தேய்ந்துபோகாது. நீரில் பிடித்தால், உண்மையான காசு காட்ட வேண்டிய 2.64 கிராமை ஒட்டியே இதுவும் காட்டியது. பருமன் சரி, எடை இல்லை. அடர்த்தி எட்டரைக்குச் சற்று மேலே வந்தது, அது பித்தளைக்கு உரியது. விளிம்பு வரிகள் ஓரிடத்தில் கலைந்து, இரு பாதிகளை ஒட்டிய தடம் லென்ஸில் தெரிந்தது. அந்தக் கருமைகூட இயல்பானதாக இல்லை: புழங்கித் தேய்ந்த காசில் மேடான இடங்கள் வெளுத்தும் பள்ளங்கள் கருத்தும் இருக்கும், இதில் எல்லா இடமும் ஒரே மாதிரி கருத்திருந்தது. இதுவும் காந்தத்தில் ஒட்டவில்லை என்பதை உங்களுக்காகத் தனியாகச் சொல்லிவைக்கிறேன்.

இரண்டு காசுகளை வைத்துக்கொண்டு ஒரு மூத்தவரை இழிவுபடுத்துகிறான் என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதக்கூடும். அது என் நோக்கம் அன்று. பல்லாயிரம் காசுகளைக் கையாண்ட கண்ணுக்கு, என் தராசு சொல்வதற்கு முன்பே பல விஷயங்கள் தெரிந்துவிடும் என்பதை நான் மறுக்கவில்லை. காரணத்தைச் சொல்ல மறுக்கும் தீர்ப்பைத்தான் மறுக்கிறேன். காரணம் சொன்னால் அடுத்தவர் அதைச் சோதித்துப் பார்க்கலாம். அனுபவம் என்ற சொல்லை எந்தத் தராசில் வைப்பது?

பெட்டியில் இருந்த மற்றவற்றில் பெரும்பாலானவை ஆண்டைப் படித்த உடனேயே அடையாளம் தெரிந்தன. ஆனால் எல்லா நாடுகளும் கிறித்தவ ஆண்டைப் பொறிப்பதில்லை. ஒரு சிறு வெள்ளிக் காசில் அரபு எண்களில் 1293 என்று இருந்தது; வீட்டில் இருந்தவர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் புதையல் என்று மகிழ்ந்தார்கள். அது ஹிஜ்ரி என்னும் இஸ்லாமிய ஆண்டு, நம் கணக்கில் 1876; அதுவும் உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அரியணை ஏறிய ஆண்டு. அவர் காசுகளில் அந்த ஆண்டு மாறாது. மறுபக்கம் சுல்தானின் கையொப்ப முத்திரைக்குக் கீழே உள்ள ஆட்சியாண்டைப் பார்க்க வேண்டும். அதில் 25 என்று இருந்ததால் காசு 1899-ஐ ஒட்டியது. தாய்லாந்துக் காசுகளில் புத்த ஆண்டு இருந்தால் 543-ஐக் கழியுங்கள். ஜப்பானியக் காசுகளில் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரும் ஆண்டெண்ணும் இருக்கும். மெய்ஜி முதலாண்டு 1868, ஷோவா முதலாண்டு 1926.

உலோகத்தை உருக்கி ஊற்றி வார்த்த தடம் இருந்தால் போலி என்று பொதுவாகச் சொல்லப்படும் விதியையும் கண்மூடிப் பின்பற்றாதீர்கள். சதுரத் துளையுள்ள சீனக் காசுகள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக வார்த்தே செய்யப்பட்டவை. அவற்றில் அச்சடித்த காசின் கூர்மையைத் தேடுவது வீண்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி என்னிடம் வருவதற்கு முன்பு உறவினர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், செம்புக் காசுகள் அனைத்தையும் உலோக மெருகுக் குழம்பு போட்டுத் தேய்த்துப் பொன்போல் மின்ன வைத்துவிட்டார். அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் பாய்ந்த மிக நுண்ணிய வரிகளும், பல ஆண்டுகளில் படிந்த மேற்பூச்சும் காசின் சான்றுகள். அவற்றைத் தேய்த்து எடுத்த பின் அந்தக் காசு உண்மையானதாகவே இருந்தாலும் அதைப் பற்றித் தீர்மானமாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை. அழுக்காக இருக்கிறதே என்று உங்கள் கை பரபரத்தால், வாலை வடிநீரில் ஊறவைத்து ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 

நான் சொன்ன சோதனைகளுக்கும் எல்லை உண்டு. பிரிட்டிஷ் தங்கச் சவரன் 7.99 கிராம் எடையும் 22 காரட் தரமும் உடையது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெய்ரூட்டில் சரியான தங்கத்திலேயே, ஏறக்குறைய சரியான எடையிலேயே சவரன்களைப் போலியாக அடித்தார்கள். அவற்றைத் தராசும் நீரும் காட்டிக்கொடுக்காது; எழுத்துகளின் வடிவம், உருவத்தின் கூர்மை, பல காசுகளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு குழிகள் போன்றவற்றைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் பெட்டியில் அத்தகைய தங்கக் காசோ, உண்மையாக இருந்தால் மிக அரியது என்று பட்டியல் சொல்லும் காசோ இருந்தால், என்னைப் போன்றவர்களின் பதிலோடு நிற்காமல், தரச்சான்று தரும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புங்கள். அத்தகைய நிறுவனம் எண்ணிட்டு மூடித் தரும் சான்றுப் பெட்டகத்தில் ஏற்கெனவே அடைத்த காசை யாராவது உங்களிடம் விற்க வந்தால், பெட்டகங்களையும் போலியாகச் செய்கிறார்கள் என்பதால், அதன் எண்ணை அந்த நிறுவனத்தின் பதிவில் தேடி, அங்கே படம் இருந்தால் கையில் உள்ள காசோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.