ராத்திரியில் ரயில் சத்தம் கிட்ட வந்துவிடுகிறதே, ஏன்?

ஓசையும் மணமும் காற்றில் எப்படி வருகின்றன என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் வீட்டுக்கும் ரயில் பாதைக்கும் நாலு கிலோமீட்டர். பகலில் ரயில் போவதே தெரியாது. மார்கழி விடியற்காலையில் அடுத்த தெருவில் போவதுபோல ஊதல் கேட்கிறது. ஊர் அடங்கிவிடுவதால்தானா?
வாசகர், விருத்தாசலம் அருகிலிருந்து

ஊர் அடங்குவதும் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், மேகம் மூடிய ராத்திரியிலும், காற்று பலமாக அடிக்கும் ராத்திரியிலும் அதே மாதிரி கேட்க வேண்டும். கேட்பதில்லை, கவனித்துப் பாருங்கள்.

முக்கியமான காரணம் காற்றின் சூடு. 20 டிகிரி செல்சியஸில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகும். 30 டிகிரியில் 349 மீட்டர். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் கிலோமீட்டர் கணக்கில் போகும்போது அது ஒலியின் பாதையையே வளைத்துவிடும். பகலில் வெயிலில் தரை காய்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே போகப் போகக் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஒலி அலையின் கீழ்ப்பகுதி வேகமாகவும் மேல்பகுதி மெதுவாகவும் போவதால் அலை மேல்நோக்கி வளைந்துவிடுகிறது. சில நூறு மீட்டருக்கு அப்பால் தரையில் நிற்பவரின் தலைக்கு மேலே ஊதல் போய்விடும்.

தெளிந்த, காற்றில்லாத ராத்திரியில் இது தலைகீழாகிறது. தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே இருக்கும் காற்றுதான் இப்போது சூடு. ஒலி கீழ்நோக்கி வளைந்து, தரையில் பட்டுத் தெறித்து, மறுபடி வளைந்து உங்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறது. மேகம் இருந்தால் தரை இந்த அளவு குளிராது. காற்று அடித்தால் மேல் கீழ் அடுக்குகள் கலந்துபோகும். அதனால்தான் அந்த ராத்திரிகளில் ஊதல் எடுபடுவதில்லை.

நாளைக் காலையே சோதித்துப் பார்க்கலாம். விடியும் முன் எங்காவது சருகு எரிக்கிற புகை மேலே எழும்பாமல் வயல்மீது தட்டையாகப் படுத்திருந்தால் அன்று ஊதல் நன்றாகக் கேட்கும். வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரத்தில் புகை எழும்பத் தொடங்கும், ஊதலும் அடங்கும்.

ஊதல் கேட்கிறது, சக்கரத்தின் கீச்சொலி ஏன் கேட்பதில்லை என்று நீங்கள் கேட்டிருப்பதற்கும் பதில் உண்டு. காற்று கீச்சொலியை அதிகமாக விழுங்கும். 20 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்தில் தாழ்ந்த சுருதியான 250 ஹெர்ட்ஸ் ஒலி கிலோமீட்டருக்குச் சுமார் 1 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) இழக்கும். கீச்சென்ற 4000 ஹெர்ட்ஸ் ஒலியோ சுமார் 23 டெசிபெல் இழக்கும். நாலு கிலோமீட்டரில் பின்னது அற்றே போகும்.

காற்று எதிர்ப்பக்கமாக அடித்தால் கோயில் மைக்செட் கேட்பதில்லை. சத்தத்தைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடுகிறதா?
வாசகி, பொள்ளாச்சி

தள்ள முடியாது. நல்ல காற்று என்பது வினாடிக்கு 5 மீட்டர். ஒலியோ சுமார் 350 மீட்டர். இங்கேயும் வளைவுதான் வேலை செய்கிறது. செடி கொடி, சுவர், மேடு எல்லாம் தடுப்பதால் தரையருகே காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசும். காற்றை எதிர்த்து வரும் ஒலி மேலே வளையும். காற்றோடு போகும் ஒலி கீழே வளையும். தரையில் கேட்காத நாளில் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள், பெரும்பாலும் கேட்கும்.

மணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஓசை காற்றின் வழியாகப் போகிறது, மணம் காற்றோடு போகிறது. காற்றை எதிர்த்து ஓசை வரலாம், மணம் வராது.

வாசல் பந்தலில் மல்லிகை. பகலில் மூக்கை வைத்தாலும் பெரிய மணமில்லை. ராத்திரி எட்டு மணிக்குத் தெருமுனை வரை போகிறது. அதுவும் விட்டு விட்டு வருகிறது. ஏன்?
வாசகி, திருமங்கலம்

முதலில் பூ. குண்டுமல்லி மொட்டு சாயங்காலம்தான் விரியும். மணமும் அப்போதுதான் வெளியே வரும். அதனால்தான் விவசாயிகள் விடிவதற்கு முன்பே மொட்டாகப் பறித்துவிடுகிறார்கள். லினலூல், பென்சைல் அசிடேட், இண்டோல் ஆகியவை அந்த மணத்தின் முக்கியச் சரக்குகள். இண்டோல் தனியாக முகர்ந்தால் நாற்றம்; துளியளவு சேர்ந்தால்தான் மல்லிகை மல்லிகையாகிறது.

அடுத்தது காற்று. முதல் பதிலில் சொன்ன அதே குளிர்ந்த அடுக்குதான் இங்கேயும். பகலில் சூடான காற்று கிளம்பி மேலே போகும்போது மணத்தையும் தூக்கிக்கொண்டு போய்க் கரைத்துவிடும். ராத்திரியில் தரையோடு படிந்த காற்று மேலே கலப்பதில்லை. பூ விட்ட மணம் ஆள் உயரத்திலேயே கிடந்து மெல்ல நகர்கிறது.

விட்டு விட்டு வருவதுதான் இதில் அழகான விஷயம். லினலூலின் ஒரு மூலக்கூறு வினாடிக்கு 200 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் பாய்கிறது. ஆனால் வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை காற்றின் மூலக்கூறுகளோடு மோதித் திசை மாறுகிறது. காற்று கொஞ்சமும் அசையாவிட்டால் ஒரு மீட்டர் நகர அதற்கு அரை நாளுக்கு மேல் ஆகும். ஆகவே தெருமுனைக்கு மணத்தைக் கொண்டுபோவது பரவல் இல்லை, காற்றோட்டம். காற்றோட்டம் ஒரே சீராக ஓடாது. சுழித்து, கிழிந்து, இழை இழையாகப் பிரியும். ஓர் இழை மூக்கில் படும்போது மணம் முழுக் கனத்தோடு வரும். இழைக்கும் இழைக்கும் நடுவில் வெறும் காற்று. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள் இதை வைத்தே பூவைக் கண்டுபிடிக்கின்றன. இழை பட்டதும் காற்றை எதிர்த்து நேராகப் பறக்கும். இழை அறுந்ததும் இடமும் வலமுமாகத் துழாவும்.

படுக்கையறைக்கு மணம் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொடி வைக்கும் முன் ஓர் ஊதுபத்தியை ஜன்னலோரம் கொளுத்தி, ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். புகை எந்தத் திசையிலிருந்து உள்ளே வருகிறதோ அந்தப் பக்கம் கொடியை வையுங்கள். பந்தல் ஜன்னல் உயரத்தைத் தாண்ட வேண்டாம். கிழக்குக் கடற்கரை ஊர்க்காரர்கள் இதில் ஏமாந்துவிடுவார்கள். பகலில் கிழக்கே கடலிலிருந்து வரும் காற்று, பின்னிரவில் மேற்கே தரையிலிருந்து வீசலாம். பகல் காற்றைப் பார்த்து வைத்த செடி ராத்திரியில் எதிர்வீட்டுக்கு மணக்கும்.

எங்கள் தெருவில் ஒரு சொட்டு விழுமுன்பே மண்வாசனை வந்துவிடுகிறது. மண்வாசனை வந்தால் மழை நிச்சயம் என்று நம்பலாமா?
வாசகர், மதுராந்தகம்

வாசனை வந்தால், காற்று வரும் பக்கத்தில் எங்கோ மழை விழுந்துவிட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம். உங்கள் தெருவுக்கு வரும் என்று சொல்ல முடியாது.

இடிமழை மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மழையோடு சேர்ந்து கீழே கொட்டும். தரையில் மோதி நாலா பக்கமும் விரியும். மழைக்கு முன்னால் பல கிலோமீட்டர் ஓடிவரும் அந்தச் சில்லென்ற காற்றுதான் வாசனையைச் சுமந்து வருகிறது. காற்று வந்துவிட்டு மேகம் வேறு பக்கம் திரும்பிவிடுவதும் உண்டு.

வாசனைக்கு மூலம் எது என்பதை ஆஸ்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் இருவரும் ஆராய்ந்து 1964-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். காய்ந்த மண்ணிலும் கல்லிலும் படிந்திருக்கும் எண்ணெய்ப் பசையே அது என்றார்கள். அதோடு மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் சேர்கிறது. காற்றில் லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். மண்ணிலிருந்து அது எப்படிக் கிளம்புகிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 2015-இல் அதிவேகக் கேமராவில் காட்டினார்கள். துளி விழும்போது மண்ணின் நுண்துளைகளிலிருந்த காற்று துளிக்குள் சிக்கிக் குமிழியாகிறது. குமிழி மேலே வந்து வெடித்து, பொடித் திவலைகளை எறிகிறது. தூறலும் மிதமான மழையும் இதை நன்றாகச் செய்யும். கொட்டும் மழையில் குறைவு. முதல் தூறலில் வந்த வாசனை மழை வலுத்ததும் காணாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் இந்த வாசனையை அத்தராகவே இறக்குகிறார்கள். சுட்ட களிமண்ணைச் செப்புப் பாத்திரத்தில் நீரோடு காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிப்பார்கள்.

மழை வருமா என்று பார்க்க மூக்கைவிடக் காதை நம்புங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மேகம் நெருங்குகிறது. 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரவேண்டாம்.

திருவிழாவுக்கு மைக்செட் வைத்தால் பந்தலின் கடைசி வரிசைக்குச் சொல் புரிவதில்லை. பக்கத்து ஊரிலிருந்து மட்டும் புகார் வருகிறது. என்ன செய்வது?
விழாக் குழுவினர், மணப்பாறை வட்டாரம்

இரண்டு பெரிய குழாயை உயரத்தில் கட்டி நேராகத் திருப்பி வைத்திருப்பீர்கள். அதுதான் கோளாறு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும்: 1 மீட்டரில் 100 என்றால் 64 மீட்டரில் 64. கடைசி வரிசைக்காகச் சத்தத்தைக் கூட்டினால் முன்வரிசைக்குக் காது வலிக்கும். தலைக்கு மேலே போகும் ஒலியை ராத்திரிக் குளிரடுக்கு பக்கத்து ஊரில் கொண்டுபோய் இறக்கும்.

சிறிய பெட்டிகளாக 20, 25 மீட்டருக்கு ஒன்று வையுங்கள். மூன்றரை மீட்டர் உயரம் போதும். ஒவ்வொன்றின் முகமும் தன் பகுதியின் கடைசி வரிசையைப் பார்த்துக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். அடிநாதத்தைக் குறையுங்கள், பேச்சில் க, ச, ட, த போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி.

இதில் எல்லோரும் விட்டுவிடுவது தாமதத்தை. மேடை ஒலி 35 மீட்டர் வர பத்தில் ஒரு வினாடி ஆகும். கம்பி வழியாகப் பின்பெட்டிக்கு அது கண நேரத்தில் போய்விடும். இரண்டும் முன்பின்னாகக் காதில் விழுந்து சொல் இரட்டிப்பாகும். மிக்சரில் டிலே (ஒலியைத் தாமதப்படுத்தும்) வசதி இருந்தால் மீட்டருக்கு 2.9 மில்லிவினாடி வீதம் வையுங்கள், அதோடு ஒரு 10 மில்லிவினாடி கூட்டுங்கள். 25 மீட்டர் தள்ளியிருக்கும் பெட்டிக்கு 82 வரும். குரல் மேடையிலிருந்தே வருவதுபோல இருக்கும்.

சட்டமும் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45.

நெடுஞ்சாலை இரைச்சலைத் தடுக்க ஒரு வரிசை மரம் நட்டால் போதுமா?
வாசகர், வாலாஜாபேட்டை

போதாது. அடர்ந்த தழையே 10, 20 மீட்டர் கனத்துக்கு இருந்தால்தான் 1 டெசிபெல் அளவு குறையும். நிழலுக்கு மரம் நடுங்கள். இரைச்சலுக்குச் சுவர் எழுப்புங்கள். வண்டியை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கும் உயரம், நடுவில் சந்தே இல்லாத கட்டுமானம், சாலையை ஒட்டியோ வீட்டை ஒட்டியோ இடம். இரண்டுக்கும் நடுவில் எழுப்புவது வீண்செலவு.

மீன் வறுத்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் வாடை ஹால் முழுக்க வருகிறது. ஃபேனை மாற்ற வேண்டுமா?
வாசகி, அடுக்குமாடிக் குடியிருப்பு, தாம்பரம்

ஃபேன் நன்றாகவே இருக்கலாம். அதற்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அது ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அடுப்பு வாடை அங்கேயே நிற்கும். சமையலறை ஜன்னலை மூடி, ஹால் ஜன்னலை ஒரு சாண் திறந்து, நடுவிலுள்ள கதவையும் திறந்து வையுங்கள். ஹால் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். சமையலறை வாசலில் பிடித்த ஊதுபத்திப் புகை உள்பக்கம் சாய்ந்தால் காற்று சரியான வழியில் ஓடுகிறது.

எண்ணெய் வைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஃபேனைப் போடுங்கள்; வறுத்து முடித்த பின் கால் மணி நேரம் ஓடட்டும். மறுநாளும் வாடை அடித்தால் அது காற்றில் இல்லை, திரையிலும் சுவரிலும் படிந்த எண்ணெய்ப் பிசுக்கில் இருக்கிறது. வெந்நீரும் சோப்பும்தான் அதற்கு மருந்து.

காலையில் சமையலறையில் கேஸ் வாடை. ஐந்து நிமிடத்தில் தெரியவில்லை. வெளியேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
வாசகர், ஓசூர்

கூடாது. மூக்கு பழகிவிட்டது என்பதே பெரும்பாலும் உண்மை. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை இல்லை. கசிவு தெரிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். ஒரே வாடை தொடர்ந்து வந்தால் சில நிமிடத்தில் மூக்கு அதைக் கணக்கில் எடுக்காது.

சிலிண்டர் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேடைக்குக் கீழே, தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும். நின்றபடி முகர்ந்தால் தெரியாமல் போகலாம். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனும் இதில் அடக்கம். ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவுகளைத் திறவுங்கள். ஜன்னலைவிடக் கதவு முக்கியம், ஏனென்றால் வாயு கீழ்வழியாகத்தான் வெளியேறும். எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து 1906 என்ற எரிவாயுக் கசிவு அவசர எண்ணை அழையுங்கள். சளியாலோ வயதாலோ மோப்பம் குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் கசிவு எச்சரிக்கைக் கருவி வைப்பது நல்லது. அதைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் பொருத்துங்கள். கூரையருகே பொருத்தினால் நேரத்துக்கு ஒலிக்காது.