ஆளுக்கு அல்ல, மேசைக்கு ஆர்டர் செய்யுங்கள்

கேள்வி: ஊரிலிருந்து அம்மா அப்பா நியூயார்க் வருகிறார்கள். டைம்ஸ் ஸ்கொயர் அருகே உள்ள கார்மைன்ஸ் போன்ற பெரிய இத்தாலிய அமெரிக்க உணவகத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லலாமா? அளவு மிக அதிகம் என்கிறார்கள். அம்மா சைவம். எப்படி ஆர்டர் செய்வது?

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆளுக்கொரு பண்டம் என்று நமக்குப் பழகிப்போன ஓட்டல் கணக்கை மட்டும் அங்கே போடாதீர்கள்.

நான் நியூஜெர்சியில் வசிக்கிறேன். என் பெற்றோர் முதன்முறை இங்கு வந்திருந்தபோது, நாடக அரங்குகள் நிறைந்த 44ஆம் தெருவில் உள்ள அந்த உணவகத்துக்கு ஐந்து பேராகச் சென்றோம். பண்டங்களின் பெயர்கள் சுவரில் பெரிய பலகையில் எழுதப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்து ஆளுக்கொன்றாக ஐந்து வகை சொல்லத் தொடங்கினோம். மூன்றாவதைக் குறித்துக்கொண்ட சர்வர் பேனாவை நிறுத்திவிட்டு, "ஐந்து பேருக்கு இது போதும், பற்றாவிட்டால் பிறகு சொல்லுங்கள்" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது முதல் தட்டு வந்ததும் விளங்கியது. நம் வீட்டு விசேஷங்களில் பழம் வைக்கும் தாம்பாளத்தின் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. அதில் பொரித்த கோழித் துண்டங்களின் மேல் தக்காளி சாஸும், ஆங்காங்கே பழுப்பேறிய சீஸும், ஓரங்களில் இன்னும் அடங்காத கொதியும். இரண்டு பெரிய கரண்டிகளோடு அதை மேசையின் நடுவே வைத்துவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் எப்போதும் அம்மாதான் பரிமாறுவார். அப்பா கரண்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அன்று பாஸ்தா வந்தபோது, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர் அவர்தான் என்பதால், கரண்டியை எடுத்து முதலில் அம்மாவின் தட்டில் வைத்தார். அந்தச் சாப்பாட்டில் என் மனத்தில் ஆழமாக நின்றது அதுதான்.

இந்தத் தாராளம் வியாபார உத்தி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1880க்கும் 1924க்கும் இடையே சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேப்பிள்ஸ், கலாபிரியா, சிசிலி முதலிய தெற்குப் பகுதிகளின் ஏழை விவசாயிகள். ஊரில் அவர்களுக்கு இறைச்சி என்பது பண்டிகை நாளில் மட்டும் கண்ணில் படுகிற பொருள். இங்கே சுரங்கத்திலும் கட்டட வேலையிலும் கிடைத்த கூலி சொற்பமே என்றாலும், அந்தக் கூலியில் வாங்க முடிகிற விலையில் இறைச்சி கிடைத்தது. அதனால்தான் இத்தாலியில் நம் கோலா உருண்டையைப் போலச் சிறியதாக உருட்டிப் பெரும்பாலும் தனியாகச் சாப்பிடப்படும் இறைச்சி உருண்டை, இங்கே மூன்று நான்கு மடங்கு பருத்து, ஸ்பகெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தது. கத்தரிக்காயை அடுக்கிச் செய்யும் பார்மிஜியானாவில் கத்தரிக்காயின் இடத்துக்குக் கோழி வந்ததும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடுப்பில் கிடந்து சுண்டும் தக்காளி சாஸைச் சுற்றி மூன்று தலைமுறையும் உட்கார்ந்து உண்ட அந்த வீட்டு மேசையைத்தான் இவ்வகை உணவகங்கள் பெரிதாக்கி வைத்திருக்கின்றன. கார்மைன்ஸை 1990இல் மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில் தொடங்கிய ஆர்ட்டி கட்லர், ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் இத்தாலிய அமெரிக்கக் கல்யாண விருந்தைப் போல இருக்க வேண்டும் என்று எண்ணியே அதைத் தொடங்கினார். இது அசல் இத்தாலியச் சாப்பாடு இல்லையே என்று குறைபட்டுக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பசியை விட்டு வந்தவர்கள் புதிய ஊரில் ஆக்கிக்கொண்ட சமையல் இது, அதற்கென்று ஒரு மரியாதை உண்டு.

அம்மாவின் சாப்பாட்டில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். சீசர் சாலட் இலையும் ரொட்டித் துண்டுமாகத்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அதன் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீனை அரைத்துச் சேர்ப்பார்கள். காய்கறி சூப்பும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கலாம் என்பதால் கேட்டுவிட்டே சொல்லுங்கள். தக்காளியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த மரினாரா சாஸில் பாஸ்தா, கத்தரிக்காய் பார்மிஜியானா ஆகியவை பொதுவாக ஒத்துவரும். இருந்தாலும் அந்த சாஸில் இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. கத்தரிக்காய்க்கு மேல் முட்டைப் பூச்சு இருக்கக்கூடும் என்பதால், முட்டை சாப்பிடாதவர் என்றால் அதையும் கேளுங்கள். இன்னொன்று, பார்மிஜியானோ ரெஜியானோ சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அம்மா அதைப் பொருட்படுத்துபவர் என்றால் சீஸ் தூவாமல் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு தெரிந்து அவர் வருந்துவதைவிட அது மேல்.

நீங்கள் நால்வர் என்றால் ஒரு சாலட், அம்மாவையும் சேர்த்து எல்லோரும் உண்ணக்கூடிய ஒரு சைவப் பாஸ்தா, ஒரு கோழி அல்லது கடலுணவு, இவ்வளவே போதும். முதலில் வரும் ரொட்டிக் கூடையைப் பசியில் காலி செய்துவிடாதீர்கள், அது வயிற்றில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மீந்ததை டப்பாவில் கட்டித் தரச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. அங்கே ஏறக்குறைய எல்லா மேசையிலும் அதைத்தான் செய்கிறார்கள். தக்காளி சாஸில் ஊறிய பாஸ்தா மறுநாள் மதியம் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம்.

பில் தொகைக்கு மேல் நியூயார்க் விற்பனை வரி 8.875 சதவீதமும், டிப்ஸாக 18 முதல் 20 சதவீதமும் ஆகும். ஆட்கள் அதிகமாக இருந்தால் சில இடங்களில் டிப்ஸையும் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள் என்பதால், இரண்டு முறை கொடுத்துவிடாமல் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை நாடகத்துக்குப் போகிறவர்களின் கூட்டம் நெரியும், வயதானவர்களை அந்த நேரத்தில் வாசலில் நிற்க வைப்பது சிரமம். எட்டு மணிக்கு மேல் முன்பதிவு செய்துகொண்டு போங்கள். அதற்குள் நாடகக் கூட்டம் அரங்குகளுக்குப் போய்விடும், உங்கள் பெற்றோர் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.