மேகத்துக்குக் கீழே வெள்ளம்

கேள்வி: வானம் முழுவதும் மேகம் மூடியிருக்கும்போது, வெள்ளம் சூழ்ந்த இடங்களைச் செயற்கைக்கோள் எப்படிக் காட்டுகிறது?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஒளிப்படக் கருவிக்குச் சூரிய வெளிச்சம் வேண்டும், ரேடாரோ தானே நுண்ணலைகளை அனுப்பி, அவை தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்வதால், இரவும் மேகமும் அதற்குத் தடையில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் பயன்படுத்தும் அலையின் நீளம் ஏறத்தாழ 5.5 சென்டிமீட்டர். தேங்கிய நீர் கண்ணாடிபோல் அந்த அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால், படத்தில் கறுப்பாகத் தெரியும்.

ஆனால் கறுப்பெல்லாம் வெள்ளமல்ல. 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்துக்குக் கீழே அமைந்த குட்டநாட்டு வயல்களில் மழைக்காலத்தில் நீர் நிற்பது வழக்கமே என்பதால், வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாகக் கறுத்த பரப்பை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றில் அலையடிக்கும் நீர் வெளிறித் தெரிந்து ஏமாற்றும். நெருங்கிய கட்டடங்களுக்கிடையே நிற்கும் நீரும் எளிதில் தப்பிவிடும். ஆகவே நகர வெள்ளத்துக்கு இந்தப் படத்தை மட்டும் நம்ப நான் தயங்குவேன்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசா-இஸ்ரோ கூட்டு ரேடார் செயற்கைக்கோளான நிசாரின் 24 சென்டிமீட்டர் அலை இலைகளை ஊடுருவிச் செல்லும். மரங்களடியில் நிற்கும் நீரிலும் அடிமரத்திலும் மாறிமாறிப் பட்டு அது வலுவாகத் திரும்புவதால், அங்கே வெள்ளம் பளிச்சென்று வெளுத்துத் தெரியும் என்பதுதான் வேடிக்கை.