கௌபாய் கவிதை கேட்க நமக்கு என்ன வேலை?

தம்பி, நீங்கள் கேட்டிருந்ததை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து எல்கோவில் தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரி கடைசியில் மனைவி, குழந்தையோடு வந்து இறங்குகிறீர்கள். அந்த வாரம் பார்த்து ஊரில் எந்த ஹோட்டலிலும் அறை இல்லை. விசாரித்தால் கௌபாய் கவிதைத் திருவிழா என்கிறார்கள். அது என்ன, போகலாமா, நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்கள் கேள்வி. "மாட்டை வளர்த்து வெட்டுக்கு அனுப்புகிறவர்களுடைய பாட்டில் நமக்கு என்ன வேலை" என்பது உங்கள் வீட்டில் கேட்பது. அவர் கேட்டதுதான் கனமான கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன்.

அறைக்கு அலைய வேண்டாம். எங்கள் வீட்டில் கீழ்த்தளம் சும்மாதான் கிடக்கிறது. வீடு பார்க்கும்வரை இருந்துகொள்ளுங்கள். சால்ட் லேக் சிட்டியிலிருந்து 230 மைல் ஓட்டி வர வேண்டும். வாடகைக் காரில் பனி டயர் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். முதல் குளிர்காலத்தில் நான் பார்க்காமல் எடுத்து வந்தேன். உப்புப் பாலைவனம் முழுக்க அளவுகோல் வைத்துக் கிழித்தது போல வந்த சாலை, பெக்வாப் கணவாயில் ஏறியதும் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றுவிட்டது. பின்னால் பிக்கப்பில் வந்த ஒரு பெரியவர் இறங்கி, சங்கிலி மாட்டி இழுத்துவிட்டு, தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஊர்க்காரர்களை எனக்கு அறிமுகப்படுத்தியது அந்த விரல்தான்.

ஊர் சின்னது. 20,000 பேர் இருப்பார்கள். 5,000 அடி உயரம், சுற்றிலும் சேஜ் புதர். தங்கம் எடுப்பதும் மாடு மேய்ப்பதும்தான் பிழைப்பு. நெவாடாவில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் மத்திய அரசுடையது. ராஞ்ச்காரர்கள் அதில் அனுமதி வாங்கி மேய்க்கிறார்கள். ராஞ்ச் என்றால் நாம் நினைக்கும் பண்ணை இல்லை. மேய்ச்சல் காடு. எனக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டில் மயிலை மாடும் செவலை மாடும் மேய்ந்ததைப் பார்த்து வளர்ந்தவன். எங்கள் காட்டுக்கு வேலி நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியும். இங்கே ஒரு பக்கத்து வேலியைப் பார்க்கவே அரை நாள் குதிரையில் போக வேண்டும்.

சரி, திருவிழாவுக்கு வருவோம். 1985 ஜனவரியில் ஹால் கேனன் என்ற நாட்டாரியல் ஆய்வாளரும் அவரைப் போன்ற சிலரும், அப்போது மாடு மேய்ப்பதையே வேலையாகச் செய்துகொண்டிருந்த வாடி மிட்சலைக் கூட்டிக்கொண்டு, கவிதை சொல்லத் தெரிந்த கௌபாய்களை இந்த ஊரில் ஒன்று சேர்த்தார்கள். குளிரில் யார் வருவார்கள் என்று தோன்றும். அந்த நாள்தான் சரியான நாள். கோடையில் வைக்கோல் அறுப்பு, இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து மாட்டை இறக்குவது, பிப்ரவரி, மார்ச்சில் கன்று ஈனும் காலம். நடுவில் கை ஓய்ந்திருப்பது ஜனவரியில்தான். நம் ஊரில் அறுப்பு முடிந்து திருவிழா வைக்கிற அதே கணக்கு. 2000-ல் அமெரிக்க செனட் தீர்மானம் போட்டு இதற்கு 'தேசிய' என்ற பட்டத்தைக் கொடுத்தது. 2011 பட்ஜெட் சண்டையில் நெவாடா செனட்டர் ஹாரி ரீட் இதைச் சொல்லி கலைக்கான அரசுப் பணத்துக்கு வாதாடப் போய், நாடு முழுக்கக் கிண்டல் வாங்கிக் கட்டிக்கொண்டார். கிண்டல் செய்தவர்களில் எத்தனை பேர் ஒரு கவிதையாவது கேட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நானும் முதலில் கிண்டல் செய்தவன்தான். தொப்பியும் பூட்ஸும் போட்ட வேஷம், டூரிஸ்ட் வியாபாரம் என்று இரண்டு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது வருஷம் கூட வேலை செய்கிறவர் இழுத்துக்கொண்டு போனார். பெரிய அரங்கத்துக்கு அல்ல. பகலில், யார் வேண்டுமானாலும் பேர் கொடுத்து மேடையேறுகிற ஒரு சின்ன அறைக்கு. நீங்களும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

எண்பது வயது தாண்டிய ஒருவர் ஏறினார். வலது கையில் கட்டைவிரல் பாதிதான் இருந்தது. இந்தப் பக்கத்துக் கௌபாய்களுக்குப் பக்கரூ என்று பெயர். ஸ்பானிய மொழியில் மாட்டுக்காரனைக் குறிக்கும் வாக்கெரோ என்ற சொல் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் விழுந்து அப்படி ஆனது. டெக்சாஸ்காரர்கள் மாட்டைப் பிடிக்க வீசும் சுருக்குக் கயிற்றின் முனையைச் சேணத்தின் முன்னால் நீட்டியிருக்கும் கொம்பில் கட்டியே வைத்திருப்பார்கள். பக்கரூக்கள் கட்டுவதில்லை. சுருக்கு மாட்டின் மேல் விழுந்த பிறகுதான் சேணக் கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். அந்த நொடியில் விரல் நடுவில் மாட்டினால், அந்தப் பக்கம் இழுக்கிற மாட்டின் எடைக்கு விரல் போய்விடும். ஆக அது வேஷம் போட்ட கை இல்லை.

பெரியவர் காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நாலு அடிக்கு ஒரு கட்டு, வரிக் கடைசியில் இயைபு. நம் எதுகை மோனை முன்னால் ஒலிக்கும், இவர்களுக்குப் பின்னால். குதிரை நடக்கிற தாளம். பத்துப் பன்னிரண்டு கட்டு சொன்னவர் நடுவில் நின்றுவிட்டார். மறந்துவிட்டது. அறையில் இருமல்கூட இல்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் அடுத்த வரியின் முதல் இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, மிச்சத்தை நிற்காமல் சொல்லி முடித்தார். அவர் சொன்னது சொந்தக் கவிதை இல்லை, எப்போதோ செத்துப்போன ஒருவருடையது என்று பிறகு தெரிந்தது. ஊர்க்கூத்தில் வாத்தியார் அடி எடுத்துக் கொடுப்பாரே, அதேதான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து இருபது வருஷம் போல, டெக்சாஸிலிருந்து ரயிலடிவரை மந்தை மந்தையாக மாட்டை ஓட்டிப்போனார்கள். ராத்திரிக் காவலுக்கு இரண்டு பேர், படுத்திருக்கும் மந்தையை எதிரெதிர்த் திசையில் சுற்றி வருவார்கள். இடி இடித்தாலோ ஒரு சுள்ளி முறிந்தாலோ மந்தை மிரண்டு ஓடிவிடும். மாட்டுக்கு ஒரு பழகிய குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகப் பாடினார்கள். தெரிந்த தேவாலயப் பாட்டு, அயர்லாந்திலிருந்து வந்த மெட்டு, அதில் தாங்களே கட்டிய வரி. பாடியவர்களில் கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும் ஏராளம். சினிமாதான் அவர்களை விட்டுவிட்டது. பிறகு முள்கம்பி வேலி வந்தது, ரயில் உள்ளே வந்தது, 1886-87 பனிக்காலம் லட்சக்கணக்கில் மாட்டைக் கொன்றது. நீண்ட ஓட்டம் முடிந்தது, பாட்டு மிஞ்சியது.

வெஸ்டர்ன் இசையையும் கன்ட்ரி இசையையும் ஒன்றாக்கிப் பேசிவிடாதீர்கள், இங்கே முகம் சுளிப்பார்கள். கன்ட்ரி என்றால் தெற்கத்திப் பாட்டு: காதல், குடி, லாரி. வெஸ்டர்ன் என்றால் நிலம், குதிரை, தண்ணீர். அதிலும் பாதி ஹாலிவுட்டில் பிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1930-களில் சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ் குழு மூன்று குரல்களை இழைத்துப் பாடியதுதான் இன்றைக்கும் இலக்கணம். அதன் பெரிய பாடலாசிரியர் பாப் நோலன் கனடாவில் பிறந்தவர். அது அசல் இல்லை என்று சிலர் மூக்கைத் தூக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சினிமாவில் கேட்ட பாட்டை ராஞ்ச்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று தலைமுறை பாடிய பிறகு அது அவர்கள் பாட்டுதானே.

எல்கோ மேடையின் பெரிய குரல் இயன் டைசன். அவரும் கனடாக்காரர், ஆல்பர்ட்டாவில் ராஞ்ச் வைத்திருந்தவர். வயதான காலத்தில் தொண்டை கெட்டுக் குரல் கரகரத்துவிட்டது. அந்தக் கரகரப்போடேயே எழுதினார், பாடினார். 2022-ல் இந்த ஊருக்கு மூன்று சாவு விழுந்தது. ஜூனில் கால்நடை மருத்துவராக இருந்து கவிஞரான பாக்ஸ்டர் பிளாக், அக்டோபரில் பாடகர் டான் எட்வர்ட்ஸ், டிசம்பர் கடைசியில் டைசன். அதற்கடுத்த மாதம் நடந்த திருவிழாவில் போன இடமெல்லாம் அவர்கள் பாட்டும் கவிதையும்தான் பேச்சாக இருந்தது.

இப்போது உங்கள் வீட்டில் கேட்ட கேள்வி. நான் சமாதானம் எதுவும் சொல்லப்போவதில்லை. இவர்கள் வளர்ப்பது இறைச்சிக்குத்தான். அதை ஒளிப்பதுமில்லை. ஆனால் பிப்ரவரியில் மைனஸ் 15 டிகிரியில், நடுராத்திரி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கிடேரியின் வயிற்றிலிருந்து கன்றின் காலைப் பிடித்து இழுத்து எடுப்பதும் இவர்கள்தான். விறைத்துப்போன கன்றைக் குளியல் தொட்டியில் வெந்நீரில் போட்டுப் பிழைக்க வைத்த கதையை இங்கே வீட்டுக்கு ஒன்று சொல்வார்கள். கவிதையில் பாதி அதுதான். எங்கள் ஊர்ச் சந்தையில் கிழட்டு மாட்டை லாரியில் ஏற்றும்போது அது எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. இவர்களுக்குத் தெரியும், தெரிந்தே எழுதுகிறார்கள். சாப்பிட வேண்டும் என்று யாரும் உங்களை வற்புறுத்த மாட்டார்கள். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் மக்களின் சாப்பாட்டுக் கடைகள் ஊரில் உண்டு. பந்தி போல நீண்ட மேஜையில் எல்லோரையும் உட்கார வைத்துப் பாத்திரத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள். பீன்ஸ், சாலட், பிரெட், உருளைக்கிழங்கு வறுவலில் வயிறு நிறைந்துவிடும். சூப்பிலும் பீன்ஸிலும் இறைச்சி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மை எப்படிப் பார்ப்பார்கள்? முதலில் வேடிக்கையாகத்தான். இந்தியன் என்றதும் எந்தக் குலம் என்று என்னை ஒருவர் கேட்டார். இங்கே பழங்குடி மக்களையும் இந்தியன் என்பார்கள், அவர் கேட்டதில் தப்பில்லை. மொன்டானாவின் அரசவைக் கவிஞராக இருந்த ஹென்றி ரியல் பேர்ட், குரோ என்ற பழங்குடி இனத்தவர், குதிரைக்காரர், இதே மேடையில் கவிதை சொன்னவர். எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள். பேங்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம். நான் கேட்டேன். அடுத்தவர் தொப்பியைத் தொடாதீர்கள். தொப்பி வாங்கவும் அவசரப்படாதீர்கள். புதுத் தொப்பி தூரத்திலேயே தெரியும்.

நம் வேலையைப் பற்றி ஒன்று. நாம் சுரங்கத்துக்காரர்கள். வாலஸ் மெக்ரே என்ற மொன்டானா ராஞ்ச்காரர் தன் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர். 1990-ல் தேசியப் பாரம்பரிய விருது வாங்கிய முதல் கௌபாய் கவிஞரும் அவர்தான். நிலத்தைத் தோண்டுகிறவர்களைப் பற்றி அவர் எழுதியதை ஒரு ராஞ்ச்காரர் மேடையில் சொன்னபோது நான் கம்பெனிப் பெயர் போட்ட ஜாக்கெட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஜாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் மகனும் அங்கேதான் வேலை செய்கிறான் என்றார். இந்த ஊர் அப்படித்தான். சுரங்கச் சம்பளம் இல்லாவிட்டால் பல சின்ன ராஞ்ச் என்றைக்கோ கைமாறியிருக்கும்.

அப்புறம், நான் ஏன் வருஷா வருஷம் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, கவலை இறைத்தவர்; மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதுதான் கவலை. எருது பின்னால் நடந்து சால் என்ற தண்ணீர்ப் பாத்திரத்தைக் கிணற்றில் இறக்க, முன்னால் நடந்து ஏற்ற, விடியும்வரை பாடிக்கொண்டே இறைப்பாராம். நான் பிறப்பதற்குள் மோட்டார் வந்துவிட்டது. மோட்டாருக்குப் பாட்டு வேண்டியதில்லை. அவர் செத்தபோது ஒரு பாட்டும் யார் கையிலும் மிஞ்சவில்லை. இங்கே புரூஸ் கிஸ்காடன் என்று ஒருவர். இளமையில் மாடு மேய்த்துவிட்டு, லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டலில் வந்தவர் பெட்டியைத் தூக்கும் வேலை பார்த்தவர். அந்த வேலையில் இருந்துகொண்டே, விட்டு வந்த மேய்ச்சல் நிலத்தைப் பற்றி நூற்றுக்கணக்கில் எழுதினார். கால்நடைப் பத்திரிகையில் வந்தது, ராஞ்ச் வீடுகளில் தொங்கிய காலண்டரில் வந்தது. 1950-ல் போய்விட்டார். அந்தப் பாதி விரல் பெரியவர் அன்றைக்கு நினைவிலிருந்து சொன்னது அவருடைய கவிதைதான்.

போன வருஷம் அதே பெரியவர் என்னிடம், உங்கள் தாத்தா மாட்டுக்கு என்ன பாடுவார் என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ராத்திரியே அத்தைக்குப் போன் போட்டேன். எண்பத்தாறு வயது. மூன்று வரி ஞாபகம் இருக்கிறது என்றார், நாலாவது வரவில்லை. அந்த மூன்றும் என் போனில் இருக்கின்றன. நீங்கள் ஈரோட்டுப் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். கிளம்புவதற்குள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போட்டுக் காட்டுங்கள், அனுப்பி வைக்கிறேன். நாலாவது வரி யாருக்காவது தெரியலாம். டயரை மறக்காதீர்கள்.